வெள்ளிக்கிழமை மாத்திரை

என் மனைவி ஜமீலா ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை. கோபத்தில் அல்ல, வாய் முழுக்கப் புண். உத்தமபாளையத்தில் எங்கள் தெரு அந்த வாரம் கரண்ட் போன மாதிரி இருந்தது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

இப்போது நன்றாகவே பேசுகிறாள். இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

"எழுதுங்க, நாலு பேருக்கு ஒதவும். ஆனா ஒங்க பங்க விட்டுட்டு எழுதிராதீக" என்றாள்.

என் பங்குதான் இதில் பெரிது.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். ஜமீலா எட்டாவது வரை படித்தவள். எங்களுக்கு ஒரே மகள், நூர்ஜஹான். பழனிசெட்டிபட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நோன்பு மாதத்தில் ஒரு நாள் சஹர் நேரம். விடியுமுன் சாப்பிட்டுவிட்டு நோன்பைத் தொடங்குவோமே, அந்த நேரம். ஜமீலா அடுப்படியில் இடியாப்ப உரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிழிய முடியவில்லை. "வெரலு மடங்க மாட்டேங்குதுங்க. களிமண்ணுல செஞ்சு காய வச்ச மாதிரி இருக்கு" என்றாள். நான் உரலை வாங்கிப் பிழிந்தேன். இடியாப்பம் வயல் வரப்பு மாதிரி வந்தது. சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம்.

மறுநாளும் அப்படித்தான். காலையில் விரல்கள் விறைத்திருக்கும், வெயில் ஏற ஏறச் சரியாகும். மத்தியானம் நன்றாக வேலை செய்வாள். இந்த இடத்தில்தான் நான் என் அறிவைக் காட்டினேன். வலி என்றால் நாள் முழுக்க வலிக்க வேண்டும், காலையில் மட்டும் வருவது சோம்பல் என்று முடிவு கட்டினேன். பிறகு வாய்வு என்றேன். வீட்டில் உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் நிறுத்தினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தபோது, "ஒன்ன விட வயசானவுகல்லாம் தரையில நெத்தி வச்சுத் தொழுகுறாக" என்று ஒரு வார்த்தையும் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. அன்றைக்கு வாயில் புண் எதுவும் இல்லை.

நூர்ஜஹான்தான் ஒருநாள் வந்தவள் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு என்மேல் சத்தம் போட்டாள். "அத்தா, ரெண்டு கையிலயும் ஒரே கணுவுல வீங்கியிருக்கு. உருளைக்கிழங்கு என்ன அளவெடுத்தா வந்து உக்காரும்?" அந்த வாரமே தேனிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மதுரையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மூட்டுவாத டாக்டரம்மா ஒருவர் வருவார். காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாலே யாருக்கு எங்கே வலி என்று தெரியும். கால் நீட்டி உட்கார்ந்தவருக்கு முழங்கால். டோக்கனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்திருந்தவர்களுக்கு விரல். ஜமீலாவும் அப்படித்தான் பிடித்திருந்தாள். அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

ரத்தம் எடுத்தார்கள், கைகளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா முடிவுகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் ஆசிரியர் என்று கேட்டதிலிருந்து அவருக்கு என்மேல் ஒரு மரியாதை.

"சார், மூட்டுங்கிறது கதவுக் கீல் மாதிரி. வயசாகி, வெயிட் ஏறி, கீல் தேஞ்சு போறது ஒரு வகை. பெரும்பாலும் முழங்கால்ல வரும். நடந்தா வலிக்கும், உக்காந்தா கொறையும். அம்மாவுக்கு அது இல்ல. இது ருமடாய்டு. வீட்டுக்குக் காவலுக்கு வச்ச ஆளே கீலப் போட்டு ஒடைக்கிறான்."

"காவக்காரனுக்குப் பைத்தியமா?" என்று ஜமீலா கேட்டாள்.

"ஆளு தெரியாம அடிக்கிறான்னு வச்சுக்கங்களேன்" என்று டாக்டரம்மா சிரித்தார்.

பிறகு எனக்கு விளக்கமாகச் சொன்னார். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, மூட்டுகளுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது. அப்படியே விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்து விரல்களைக் கோணலாக்கிவிடும். இதில் ஓய்வெடுத்தால் விறைப்பு கூடும், அசைத்தால் குறையும். அதனால்தான் தூங்கி எழுந்ததும் விரல் மடங்காது. நான் சோம்பல் என்று சொன்னதற்குப் பெயர் காலை விறைப்பு. அது இந்த நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று.

ஜமீலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வரும் வழியில் சின்னமனூரில் பஸ் நின்றபோது வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். அதை என் மன்னிப்பாக ஏற்றுக்கொண்டு, இன்னொன்றும் கேட்டாள்.

சிகிச்சையில் முக்கியமானது மெத்தோட்ரெக்ஸேட் என்ற சின்ன மஞ்சள் மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் ஆபத்து என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். எந்த நாள் வசதி என்று கேட்டதற்கு ஜமீலா வெள்ளிக்கிழமை என்றாள். அந்த மருந்து உடம்பில் குறைத்துவிடும் ஒரு சத்தை ஈடுகட்ட, மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட். அதுவும் சின்ன மஞ்சள் மாத்திரைதான். மாதாமாதம் ரத்தப் பரிசோதனையும் உண்டு.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றரை மாதம் போல ஆனபிறகு ஒருநாள் காலையில் அடுப்படியில் இடியாப்ப உரல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பூ மாதிரி விழுந்துகொண்டிருந்தது. "வரப்பு இல்லங்க, நூலு" என்றாள். அடுத்த மாதம் தொழுகை விரிப்பைத் தரையில் போட்டாள்.

இந்த வருஷ நோன்பு வந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டோம். உடம்பு இடம் கொடுத்தால் வைக்கலாம் என்றார். மாத்திரைகளை நோன்பு திறந்தபிறகு போட வேண்டும்.

விரல்கள் தேறினாலும் அட்டையிலிருந்து மாத்திரையை அமுக்கி எடுப்பது மட்டும் ஜமீலாவுக்குச் சிரமம். கட்டைவிரல் அங்கே தோற்றுவிடும். அதனால் நோன்புக்கு முந்தின நாள் நான் உட்கார்ந்து, வகைக்கு ஓர் அட்டையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அமுக்கி எடுத்து இரண்டு டப்பாக்களில் கொட்டினேன். சுத்தமாக, ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் தொழில் புத்தி. கொட்டி முடித்தபோது பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்தார், நோன்புக் கஞ்சிக்கு அரிசி விஷயமாக. வாசலில் நின்று பேசிவிட்டு வந்து டப்பாக்களில் சீட்டு ஒட்டினேன். ஒன்றில் 'தினம்', மற்றதில் 'வெள்ளி'.

முப்பது வருஷமாக ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் நான் கத்திய முதல் விதி: முதலில் பெயரை ஒட்டு, பிறகு ஊற்று. ஊற்றிவிட்டு ஒட்டிய பையன்களைப் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன்.

நாலைந்து நாள் கழித்து நோன்பு திறந்தபிறகு ஜமீலா, "இது எப்பயும் போடுற மாத்திரைதானா? நாக்குல வேற மாதிரி இருக்கு" என்றாள்.

"மருந்து என்ன பேரீச்சம்பழமா, ஒரே ருசியா இருக்க? போடு" என்றேன்.

போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் கஞ்சி குடிக்கும்போது வாய் எரிகிறது என்றாள். உதட்டில் புண், நாக்கில் புண், பிறகு காய்ச்சல். நூர்ஜஹானின் கணவர் காரைக் கொண்டுவந்தார். தேனிக்குப் போவதற்குள் ஜமீலாவால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. வீரபாண்டி தாண்டும்போது என் கையைப் பிடித்தாள். கை கொதித்தது.

அன்று டாக்டரம்மா வரும் நாள் அல்ல. பணியில் இருந்த டாக்டர் ரத்தம் எடுத்துவிட்டு, வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கின்றன, டெங்குவாக இருக்கலாம் என்று வார்டில் சேர்த்துவிட்டார். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினார்கள். அவர் என்னிடம் பேசினார்.

"சார், அந்த வார மாத்திரை எப்பப் போட்டாக?"

"வெள்ளிக்கிழமை டாக்டர். சரியா வெள்ளிக்கிழமை மட்டும்."

"எதுக்கும் வீட்டுல இருக்கிற மாத்திரையெல்லாம் எடுத்துட்டு வாங்க. நாளைக்குக் காலையில நானே வர்றேன்."

உடனே ஊருக்குத் திரும்பினேன். டப்பாக்களைத் திறந்தேன். பிரிக்காத அட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபோலிக் ஆசிட் மாத்திரையின் நடுவில் ஒரு கோடு உண்டு. 'வெள்ளி' டப்பாவில் இருந்ததெல்லாம் கோடு போட்ட மாத்திரை, ஏறக்குறைய அப்படியே இருந்தது. கோடு இல்லாத மாத்திரைகள் 'தினம்' டப்பாவில் இருந்தன. பாதி காலி.

வாரம் ஒன்று போட வேண்டியதை அவளுக்கு நாள்தோறும் என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

உடனே மருத்துவமனைக்குப் போன் பண்ணி, மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் போட்டிருக்கிறாள் என்று சொன்னேன். அந்த மட்டுக்கும் என்னிடம் புத்தி இருந்தது. அதைக் கேட்டதும் அவர்கள் எதிர்மருந்து ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள். வேகமாக வளரும் உயிரணுக்களை இந்த மருந்து தடுக்கும். வாயின் உட்தோலும் எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடமும் அப்படிப்பட்டவை, அதனால்தான் புண்ணும் ரத்தக் குறைவும் என்று விளக்கினார்கள். பயந்தது போல் கைமீறிப் போகவில்லை, ஆனால் இன்னும் சில நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள்.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்து கட்டிலருகில் நின்றார். நூர்ஜஹான் இருந்தாள். "எப்படி சார் இது தினமும் உள்ள போச்சு?" என்று கேட்டார்.

நான் சொன்னது இது: "அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது டாக்டர். ரெண்டும் மஞ்சளா இருக்கா, மாத்தி எடுத்துப் போட்டிருப்பா."

நான் அன்று நோன்பு வைத்திருந்தேன். தொண்டைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கக் கூடாது என்று கவனமாக இருந்த வாயிலிருந்து இந்தப் பொய் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே வந்தது என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

டாக்டரம்மா ஜமீலாவைக் கடிந்துகொண்டார். "என்னம்மா, தெரியலன்னா சார்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? உசுரு போற விஷயம்." நூர்ஜஹானும் சேர்ந்துகொண்டாள். "எல்லாத்தையும் நானே பாத்துக்கிருவேங்கிறது, அப்பறம் இப்படி இழுத்து வைக்கிறது." ஜமீலா வாய் திறக்க முடியாமல் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்தேன்.

அது இரண்டு கட்டில் அறை. அடுத்த கட்டிலில் மயிலாடும்பாறையிலிருந்து வந்த பேச்சியம்மாள். முழங்கால் தேய்ந்து, மாற்று மூட்டு வைக்க வந்தவர். வாய் ஓயாது. ஜமீலாவால் பேச முடியாததால் இருவர் பேச்சையும் அவரே பேசினார்.

"ஒனக்குக் காவக்காரன் ஒதைக்கிறான், எனக்குக் கீலே தேஞ்சு போச்சாத்தா. ரெண்டு வீட்டுக் கதவும் சாத்த முடியாது, கள்ளன் வந்தா நேரா உள்ள வந்துருவான்" என்பார். ஜமீலாவுக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் உதடு வலிக்கும், கையை நீட்டிப் பேசாதே என்று சைகை காட்டுவாள். பேச்சியம்மாள் அதைப் பேசு என்று எடுத்துக்கொள்வார்.

சாயங்காலம் மருமகன் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவருவார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நோன்பு திறப்பேன். முதல் நாளே பேச்சியம்மாள் கேட்டுவிட்டார். "வாத்தியாரே, வாசம் இங்கன வரைக்கும் வருது. நோம்பு வச்சவுகளுக்கு மட்டுந்தானா, காலு வச்சவுகளுக்கும் உண்டா?" மறுநாளிலிருந்து இரண்டு தூக்கு வந்தது. ஜமீலாவுக்கு மூக்கில் நுழைந்த வாசம் வாய்க்குள் போகவில்லை. குளிர்ந்த பாலை உறிஞ்சுகுழல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். பில்லைப் பார்க்க எனக்குத் தைரியமில்லாமல் மருமகன் கையில் கொடுத்துவிட்டேன். அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "டைல்ஸ் வெல இத விடக் கூட மாமா" என்றார். டைல்ஸ் கடை வைத்திருப்பவரின் ஆறுதல் அப்படித்தான் இருக்கும்.

எல்லாரும் எனக்காக இரக்கப்பட்டார்கள். "இந்த வயசுல நோம்பையும் வச்சுக்கிட்டு, பொண்டாட்டிக்கும் பாக்குறாக" என்று பேச்சியம்மாள் தன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஜமீலா அதைக் கேட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

புண் ஆற ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் என்றாள். பிறகு, கஞ்சியில் உப்புக் குறைவு என்றாள். பேச்சு வந்துவிட்டது. இனி உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். நூர்ஜஹான் மறுபடி, "ஏம்மா, அத்தாகிட்டக் காட்டிட்டுப் போட்டா என்ன?" என்று கேட்டபோதும் ஜமீலா, "இனிமே காட்டுறேன்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் டாக்டரம்மா வந்தார். "ரத்தம் நல்லா ஏறிருச்சு. கிட்னியும் சரியா இருக்கு. ஆனா அந்த வார மாத்திரை இனிமே வேண்டாம்" என்றார்.

"அதுலதான டாக்டர் அம்மாவுக்கு நல்லாச்சு?" என்று நூர்ஜஹான் கேட்டாள்.

"நல்லாச்சு, இல்லங்கல. ஆனா மாத்தி எடுக்கிறவுக கையில அத மறுபடி குடுக்க எனக்குப் பயமா இருக்கும்மா. வேற ஒண்ணு தர்றேன். அது இவுகளுக்கு இந்த அளவுக்குக் கேக்குமான்னு சொல்ல முடியாது. வெரலு கொஞ்சம் கோணினாலும் உசுரு முக்கியம்ல?"

ஜமீலா போர்வைக்கு மேலே கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். மருந்து நின்ற சில நாளிலேயே கணுக்கள் லேசாக உப்ப ஆரம்பித்திருந்தன. அவற்றை மெதுவாக மடக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் மடங்கவில்லை. பிறகு, "சரிங்கம்மா" என்றாள்.

அவள் இடியாப்பம் பிழிந்த காலை எனக்கு நினைவு வந்தது. என் மரியாதைக்கு அவள் விரல்களை விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"டாக்டர், அவ மாத்தி எடுக்கல" என்றேன். "டப்பாவுல எடுத்துப் போட்டது நான். சீட்ட மாத்தி ஒட்டினதும் நான். வேற மாதிரி இருக்குன்னு அவ கேட்டா. போடுன்னு சொன்னதும் நாந்தான். அன்னிக்கு ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்."

"அத்தா!" என்றாள் நூர்ஜஹான்.

"அடப் பாவி வாத்தியாரே" என்றார் பேச்சியம்மாள். "ஒம்ம கஞ்சியவா நான் இத்தன நாளு குடிச்சேன்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கணும்."

அவர் ஜமீலாவிடம் திரும்பினார். "அம்மா, அன்னிக்கு ஒங்களத் திட்டிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அதுக்கென்னம்மா. இவுககிட்டப் படிச்ச புள்ளைக இத விட நெறைய வாங்கியிருக்குக" என்றாள் ஜமீலா.

முதலில் சிரித்தது டாக்டரம்மாதான். பிறகு நோயாளி விவரத் தாளை எடுத்து ஒரு வரியை அடித்து எழுதினார். "அப்ப மருந்து மேல தப்பில்ல, அம்மா மேலயும் தப்பில்ல. ரத்தம் முழுசாச் சரியாகட்டும். இன்னொரு தடவை பரிசோதிச்சுட்டு, கொறஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிப்போம். ஆனா மாத்திரை யாரு கையில இருக்கும்னு எனக்கு இப்பத் தெரியணும்."

"என் கையில" என்றாள் ஜமீலா.

அவர் போனபிறகு நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன். "நீயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"வாயத் தெறக்க முடிஞ்சிருந்தா அன்னிக்கே ஒங்க மானம் போயிருக்கும்" என்றாள். "தெறந்தப்பறம், நீங்களாச் சொல்றீகளான்னு பாத்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

அவள் பேச்சியம்மாள் பக்கம் திரும்பிப் படுத்தாள். "நோன்பு வச்சுக்கிட்டுச் சொன்ன பொய்யாத்தா. அதுக்கு ஒரு நோன்பு கூடுதலா வைக்கச் சொல்லணும்" என்றாள்.

"ஒண்ணு பத்தாது, மாசம் பூராவும் வைக்கச் சொல்லு" என்றார் பேச்சியம்மாள். அன்று சாயங்காலம் கஞ்சி மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை.

நாங்கள் வீடு திரும்பிவிட்டோம், நோன்புப் பெருநாளும் வந்து போய்விட்டது. மறு பரிசோதனையும் நன்றாக இருந்ததால் மாத்திரை மறுபடி ஆரம்பித்திருக்கிறது. இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது இந்த மாத்திரை இருந்தால் ஒன்று சொல்வேன். அதை அட்டையைவிட்டு முன்கூட்டி எடுக்காதீர்கள். போடுகிறவர் ஒரு சந்தேகம் கேட்டால், அவர் எதுவரை படித்தவர் என்று பார்க்காதீர்கள்.

எங்கள் வீட்டில் மஞ்சள் மாத்திரை அட்டைகள் இரண்டும் இப்போது ஒரே இடத்தில் இல்லை. தினம் போடுவது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். வாரம் போடுவது சாம்பிராணி டப்பாவுக்குள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் சாம்பிராணி போடுவோம், மற்ற நாளில் அந்த டப்பாவை யாரும் தொடமாட்டோம். இந்த ஏற்பாட்டை யோசித்தது ஜமீலா. அட்டையில் லேசாகச் சாம்பிராணி வாசம் அடிக்கிறது. மாத்திரை உள்ளே இருப்பதால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மாவிடமும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

போன வெள்ளி சாயங்காலம் புகை போட்டுவிட்டு டப்பாவோடு வந்தாள்.

"இன்னிக்கு என்ன கெழமை, சார்?"

"வெள்ளி."

"பேர வாசிங்க."

வாசித்தேன். அட்டையைத் தன் கையில் வாங்கி எழுத்துக்களின் வடிவத்தைச் சரிபார்த்துவிட்டு, அமுக்கும்படி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். ஒரே ஒரு மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, கடைசிவரை மடங்கி, அதை மூடிக்கொண்டன. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்றாள். "தண்ணியக் கொண்டாங்க."